இந்த மாதிரி நேரத்துக்குத் தமிழில் என்ன சொல்வது?

மழைக்குருவி:
கதை எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன். பாத்திரங்கள் பேசுவது எப்படியோ வந்துவிடுகிறது. பேசாத நேரத்தில் அவர்களுக்குள் ஓடுவதை எழுதும்போதுதான் கை நிற்கிறது. 'ஒரு மாதிரி ஆகிவிட்டது' என்று எழுதி எழுதி எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் இவை:

ஒருவர் உதவி கேட்கிறார். செய்ய விருப்பமில்லை. பழகிய முகம், அதனால் 'முடியாது' என்பது வாயில் வரவில்லை.

உதவி செய்தவர், பிறகு சமயம் கிடைத்தபோதெல்லாம் 'அன்னைக்கு நான் மட்டும் இல்லேன்னா' என்று ஆரம்பிக்கிறார்.

'சரி, பார்க்கலாம்' என்று விடைபெற்றுத் திரும்பினால் இருவருக்கும் ஒரே வழி. மறுபடி பேச்சைத் தொடங்கவும் முடியாது, பேசாமல் கூடவே நடக்கவும் முடியாது.

சுடச்சுடப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் வாயடைத்து நின்றுவிட்டு, ராத்திரி படுத்த பிறகு பிரமாதமான பதில் தோன்றுகிறது.

பெயர்ச்சொல்லாகக் கிடைத்தால் நல்லது.

கடைசி பெஞ்சு:
முதலாவது தாட்சண்யம். ரெண்டாவது சொல்லிக்காட்டுறது. மூணாவது கொடுமை. நாலாவது எனக்குத் தினமும்.

பழம்பேனா:
தாட்சண்யம் சரிதான். அதற்கும் முன்னால் தமிழில் ஒரு சொல் இருந்தது, இப்போதும் தினம் பயன்படுத்துகிறோம், வேறு பொருளில். கண்ணோட்டம். இன்று 'என் கண்ணோட்டத்தில்' என்றால் என் பார்வையில் என்று அர்த்தம். குறளின் 58ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பும் அதுதான், ஆனால் அங்கே அது ஒரு குணம். தன்னோடு பழகியவரைக் கண்டால் அவர் சொன்னதை மறுக்க முடியாமல் போவது என்று குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் விளக்குகிறார். கண் அவர்மேல் சென்றதும் நிகழ்வதால் இந்தப் பெயராம். உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நெருக்கமாக யார் விடை எழுதிவிட முடியும்? கடிதத்தில் கேட்டால் மறுத்துவிடுவோம், நேரில் வந்து நின்றால் முடிவதில்லை. எல்லாம் இந்தக் கண் செய்யும் வேலை.

அந்த அதிகாரம் உட்கார்ந்திருக்கும் இடமும் வேடிக்கை. காதலிலோ இல்லறத்திலோ இல்லை. அரசனுக்குச் சொல்லும் பகுதியில், வெருவந்த செய்யாமைக்கும் ஒற்றாடலுக்கும் நடுவில் இருக்கிறது. குடிகளை மிரட்டாதே என்று சொல்லிவிட்டு, ஒற்றனை எப்படி ஆளுவது என்று தொடங்குவதற்கு முன்னால், முகம் பார்த்து இரங்கு என்கிறார் வள்ளுவர். 578இல் 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு' என்று கடிவாளமும் போட்டிருக்கிறார். ஆனால் 580இல், பழகியவர் கண்ணெதிரே நஞ்சைப் பெய்தாலும் உண்டு அமைவார்கள் என்று முடிக்கிறார். அதே கருத்து நற்றிணை 355லும் உண்டு.

கடைசி பெஞ்சு:
நஞ்சு வரைக்கும் போகல ஐயா. ஜாமீன் கையெழுத்து வரைக்கும் போயிருக்கேன்.

மழைக்குருவி:
ஐயா, கதையில் 'அவன் கண்ணோட்டத்தால் ஒப்புக்கொண்டான்' என்று எழுதினால் வாசிப்பவர் குழம்பிவிடுவாரே?

பழம்பேனா:
கண்டிப்பாகக் குழம்புவார். தாட்சண்யம் என்றே எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். இன்றைய வழக்கில் அந்தச் சொல் பெரும்பாலும் இல்லாமையோடுதான் வருகிறது: 'தாட்சண்யமே இல்லாமல் பேசிவிட்டான்', 'தாட்சண்யம் பார்த்தால் வேலை நடக்காது'. இருப்பதைச் சொல்ல 'அவர் முகத்துக்காக ஒத்துக்கொண்டேன்' என்பது இன்னும் இயல்பு.

ஓரெழுத்து:
இரண்டாவதற்கு வருகிறேன். 'காட்டு' சேர்ந்த வினைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சுட்டிக்காட்டுவதில் விஷமில்லை, பிழை எங்கே என்று விரல் நீட்டுவதோடு சரி. குத்திக்காட்டும்போது பிழை இரண்டாம்பட்சம், வலிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். சொல்லிக்காட்டுவது இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. அதற்கு ஆயுதமே தான் செய்த நல்ல காரியம்தான். உதவி வாங்கினவன் எதிர்த்துப் பேசவும் முடியாது, ஏனென்றால் சொல்வது அத்தனையும் உண்மை.

ஊசிமுனை:
சொல்லிக்காட்டுறது உதவிக்கு மட்டும்தான்னு யார் சொன்னது? பழைய தப்பையும்தான் சொல்லிக்காட்டுவாங்க. 'அன்னைக்கு அப்படிப் பேசினியே, அதை இன்னும் சொல்லிக்காட்டுறா'ன்னு எங்க வீட்டில் தினம் கேட்கிறேன்.

ஓரெழுத்து:
உண்மை, தப்புக்கும் வரும். அப்படியானால் உதவியோ தப்போ அல்ல, ஒருமுறை முடிந்துபோன கணக்கை மறுபடி மறுபடி திறப்பதுதான் இந்தச் சொல்லின் மையம். குத்திக்காட்ட ஒருமுறை போதும். சொல்லிக்காட்டுவது என்றாலே பலமுறை என்று ஆகிவிடுகிறது.

வெள்ளிமீன்:
எங்கட ஈழத் தமிழிலயும் சொல்லிக்காட்டுறது எண்டுதான் சொல்லுவம். குத்திக்காட்டுறதுக்குக் குத்திக் கதைக்கிறது எண்டு வரும். எதிலயும் குறை கண்டுபிடிச்சுக்கொண்டே இருந்தா நொட்டை சொல்லுறது.

பழம்பேனா:
நண்பன் உரிமையோடு கண்டிப்பதை இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது இடித்துரைப்பது. 'நகுதற் பொருட்டன்று நட்டல்' என்று தொடங்கும் 784ஆம் குறள், சிரித்துப் பேச மட்டுமல்ல, எல்லை மீறும்போது முந்திச் சென்று இடிக்கவும்தான் நட்பு என்கிறது. வார்த்தை ஒன்றாகவே இருக்கலாம். எதிரி சொன்னால் குத்தல், நண்பன் சொன்னால் இடித்தல்.

மழைக்குருவி:
அருமை. மூன்றாவதுக்கு யாரும் வரவில்லையே? விடைபெற்ற பிறகும் கூடவே நடப்பது.

கடைசி பெஞ்சு:
தர்மசங்கடம்.

ஊசிமுனை:
எல்லாத்துக்கும் தர்மசங்கடம் போடாதீங்க. இந்தப் பக்கம் போனாலும் தப்பு, அந்தப் பக்கம் போனாலும் தப்புன்னு ரெண்டு கடமை நடுவுல மாட்டுறதுதான் தர்மசங்கடம். ஒருத்தர்கூட நாலு எட்டு அதிகமா நடக்கிறதுல என்ன தர்மம் இருக்கு? சங்கடம் போதும். கூச்சமும் இல்லை, சங்கோஜமும் இல்லை. அதெல்லாம் பழகாதவங்க எதிர்ல வர்றது.

கடைசி பெஞ்சு:
சரி, அப்போ பல்பு வாங்குறது.

ஊசிமுனை:
பல்பு வாங்கணும்னா நாம ஒண்ணை எதிர்பார்த்து ஏமாந்திருக்கணும். யாரோ கையசைக்கிறாங்கன்னு நாமும் கையசைச்சா, அவங்க நமக்குப் பின்னாடி நிக்கிற ஆளுக்கு அசைச்சிருப்பாங்க. அது பல்பு. அதையே பத்துப் பேர் பார்த்து, ஒருத்தர் வாய்விட்டும் சொல்லிட்டா மூக்குடைபடுறது. இங்க யாரும் யாரையும் ஏமாத்தல.

பழம்பேனா:
அசடு வழிவது என்பது இதற்குக் கொஞ்சம் கிட்டே வரும். அந்த நேரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள் அல்லவா, அந்தச் சிரிப்பு எந்த வகை? தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாட்டில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், முதலாவதாக நகையை வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. எள்ளலுக்கு உரை எழுதும்போது, பேராசிரியர் என்று பெயர்பெற்ற பழைய உரைகாரர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். பிறரை எள்ளி நாம் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது இன்னொன்று. அவமானப்பட்டவனும் சிரிப்பான் என்று கவனித்து எழுதி வைத்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஓரெழுத்து:
மழைக்குருவி, உங்கள் தேடலிலேயே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது என்று நினைக்கிறேன். பெயர்ச்சொல் வேண்டும் என்கிறீர்கள். தமிழ் இந்த மாதிரி விஷயங்களைப் பெயர்ச்சொல்லில் கொஞ்சமாகவும் வினையின் வாலில் நிறையவும் வைத்திருக்கிறது.

'வந்தார்' என்பது வெறும் செய்தி. 'வந்து சேர்ந்தார்' என்றால் காத்திருந்திருக்கிறோம். 'வந்து நிற்கிறார்' என்றால் எதிர்பார்க்கவில்லை, இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. 'வந்து தொலைத்தார்' என்றால் வராமலே இருந்திருக்கலாம். 'வந்தாராம்' என்றால் நான் பார்க்கவில்லை, சொல்கிறார்கள், சொல்கிற தொனியைப் பொறுத்து நம்பவும் இல்லை. வந்த ஆள் ஒருவர்தான், வந்ததும் ஒருமுறைதான். சொல்பவரின் மனநிலை முழுவதும் அந்தக் கடைசித் துண்டில் இருக்கிறது.

'தொலை' அடுத்தவர்மேல் எரிச்சல் மட்டுமல்ல. 'மறந்து தொலைத்தேன்' என்றால் எரிச்சல் தன்மேலேயே. 'கொடுத்தேன்' என்பதற்கும் 'கொடுத்து அழுதேன்' என்பதற்கும் இடையில் ஒரு சிறுகதையே இருக்கிறது, அழுதவர் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் வந்திருக்காது. 'படித்துக் கிழித்தான்' என்றால் படிக்கவே இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது 'வை'. 'அவரிடம் சொல்லி வை' என்றால் பின்னால் உதவும். 'ஏதாவது உளறி வைக்காதே' என்றால் பின்னால் வம்பு வரும். 'சிரித்து வைத்தேன்' என்பது மூன்றாவது வகை. எதிராளி சொன்னது காதில் விழவில்லை, மறுபடி கேட்கவும் முடியாது, ஏதோ நகைச்சுவை போலிருக்கிறது, சரி. தலையாட்டி வைப்பதும் இதே இனம். உங்கள் மூன்றாவது காட்சிக்கு எனக்குத் தோன்றும் வரி இதுதான்: 'திரும்பிப் பார்த்தால் அவரும் அதே பக்கம்தான் வந்துகொண்டிருந்தார். மறுபடி ஒருமுறை சிரித்து வைத்தேன்.' இதற்கு மேல் பெயர்ச்சொல் எதற்கு?

மழைக்குருவி:
'சிரித்து வைத்தேன்'. இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன், எழுதும்போது மட்டும் தோன்றியதில்லை.

கடைசி பெஞ்சு:
எழுத உக்காந்தா நாமெல்லாம் உடனே அறிக்கை விடுறவங்களா மாறிடுறோம். அதான் வர மாட்டேங்குது. அந்த '-ஆம்' இன்னும் மோசம். 'அவருக்கு நேரமில்லையாம்.' இதுல அவரைப் பத்தி இருக்கிறதைவிட நம்ம கடுப்புதான் அதிகம்.

பழம்பேனா:
ஓரெழுத்து சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கோபத்தையே பாருங்கள். 'எனக்குக் கோபம் வந்தது' என்றால் அது தானாக வந்தது, நான் பொறுப்பில்லை. 'கோபப்பட்டேன்' என்றால் கொஞ்சம் என் பங்கும் உண்டு. 'கோபித்துக்கொண்டேன்' என்பது கோபமே இல்லை. அது ஒரு விண்ணப்பம். யாராவது வந்து சமாதானம் சொல்ல வேண்டும் என்று காத்திருப்பது. யாரென்றே தெரியாதவரிடம் கோபப்படலாம், அவரிடம் கோபித்துக்கொள்ள முடியாது. உறவு இருந்தால்தான் அந்தக் 'கொள்' ஒட்டும்.

ஊசிமுனை:
எல்லாம் அழகா இருக்கு, ஆனா இதை ஒத்துக்க முடியல. வினையில் வால் இருக்கு, அதனால் பெயர் வேண்டாம்னு சொல்றது சோம்பல். பெயர் இருந்தால்தான் ஒரு விஷயத்தை மேசையில் வைத்துப் பேச முடியும். 'அவன் என் உடம்பைப் பத்தி ஏதோ சொல்லிட்டே இருக்கான்'னு ஒருத்தி சொன்னா, 'சும்மா கிண்டல்தானே'ன்னு மூடிடுவாங்க. 'இது உருவக்கேலி'ன்னு சொன்னா ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. அந்தச் சொல் ரொம்பப் புதுசு. ஆனால் வந்த பிறகு பேச்சே மாறியிருக்கு. 'சொல்லித் தொலைச்சான்'னு வாலை ஆட்டி இதைச் சாதிச்சிருக்க முடியுமா?

வெள்ளிமீன்:
நான் ஊசிமுனை பக்கம். எங்களிட்ட பகிடி எண்டா வேடிக்கை, கேலி. பகிடி விடுறது எண்டா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். ஆனா பல்கலைக்கழகத்தில புதுசா வாற பிள்ளைகளைப் படுத்துற பாட்டுக்கும் அதே பேர்தான் சொன்னால், அதுவும் விளையாட்டுப் போலத்தானே கேட்கும். பகிடியோட வதையைச் சேர்த்துப் 'பகிடிவதை' எண்ட உடன விளையாட்டு எண்டு தப்ப ஏலாது. 1998இல் இதைத் தடைசெய்து இலங்கையில சட்டம் வந்தது. எங்களிட்ட தமிழில செய்தி வாசிக்கிற ஆக்களுக்கு இந்தச் சொல் தெரியும்.

ஊசிமுனை:
பார்த்தீங்களா. தமிழ்நாட்டுல அதுக்கு முந்தின வருஷமே சட்டம் வந்தாச்சு, நாம இன்னும் 'ராகிங்'னுதான் சொல்றோம். அந்தச் சத்தத்தில் வதை கேட்கவே இல்லை.

ஓரெழுத்து:
இதை மறுக்க மாட்டேன். கண்டிக்கவும் தடுக்கவும் பெயர் வேண்டும். மழைக்குருவி கேட்டது கதைக்கு. கதையில் 'அவனுக்குள் பொறாமை எழுந்தது' என்று பெயரை வைத்தால் அங்கேயே காட்சி முடிந்துவிடுகிறது. 'அவளுக்கு என்ன, கொடுத்து வைத்தவள்' என்று ஒரு பாத்திரம் பேசினால் பொறாமையா, பெருமூச்சா, வாழ்த்தா என்று வாசிப்பவர் தேடுவார்.

கடைசி பெஞ்சு:
'தனம்' போட்டா எல்லாமே திட்டா மாறிடுதே, கவனிச்சீங்களா? அசட்டுத்தனம், அற்பத்தனம், மேட்டிமைத்தனம், அதிகப்பிரசங்கித்தனம். ஒரு குணத்துக்குப் பேர் வைக்கணும்னா இதுதான் சுலபமான வழி. பெருந்தன்மைன்னா உயர்வு, பெரியமனுஷத்தனம்னா நக்கல்.

மழைக்குருவி:
புத்திசாலித்தனம்? கெட்டிக்காரத்தனம்?

கடைசி பெஞ்சு:
அதையும் யாரைப் பத்திச் சொல்றோம்னு பாருங்க. 'உன் புத்திசாலித்தனத்தை என்கிட்டக் காட்டாதே.'

பழம்பேனா:
அது காட்டுவதன் குற்றம், தனத்தின் குற்றம் அல்ல. ஆனால் 'குழந்தைத்தனம்' என்பதை வைத்து யோசித்தால் நீங்கள் சொல்வதில் பாதி நிற்கிறது. குழந்தையிடம் இருந்தால் யாரும் அந்தச் சொல்லை எடுப்பதில்லை, வளர்ந்தவரிடம் தென்பட்டால்தான் எடுக்கிறோம். சில சமயம் கோபமாக, சில சமயம் பிரியமாக.

சொற்கள் இப்படி இடம் மாறுவதற்கு வெகுளியைவிட நல்ல உதாரணம் இல்லை. தொல்காப்பியத்தில் வெகுளி கோபம். வள்ளுவரும் கோபம் கொள்ளாதிருப்பதற்கு வெகுளாமை என்றே அதிகாரம் வைத்தார். இன்று 'அவன் ஒரு வெகுளி' என்றால் சூதுவாது தெரியாதவன்.

மழைக்குருவி:
நான்காவதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ராத்திரி தோன்றும் பதில்.

பழம்பேனா:
ஃபிரெஞ்சுக்காரர்கள் அதை 'மாடிப்படிச் சாதுரியம்' என்ற பொருளில் சொல்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் திதரோ ஒரு விருந்தில் யாரோ சொன்னதற்குப் பதில் சொல்ல முடியாமல் திகைத்துப்போனார். என்னைப் போன்றவனுக்குப் படியிறங்கி முடித்த பிறகுதான் புத்தி தெளியும் என்று எழுதி வைத்தார். ஜெர்மன்காரர்களும் அதே படிக்கட்டை வைத்துத் தங்களுக்கு ஒரு சொல் செய்துகொண்டார்கள்.

தமிழில் பின்புத்தி என்று ஒரு சொல் இருக்கிறது.

ஊசிமுனை:
வேண்டாம் ஐயா. அந்தச் சொல் எந்தப் பழமொழியோட ஒட்டிக்கிட்டு வருதுன்னு உங்களுக்கே தெரியும். 'பெண்புத்தி'ங்கிற முதல் பாதியை விட்டுட்டு ரெண்டாம் பாதியை மட்டும் எடுத்தாலும் வாசிக்கிறவங்க காதுல முதல் பாதிதான் முதலில் கேட்கும்.

பழம்பேனா:
பின்னால் வருவதை முன்னறியும் புத்தி என்று அதற்கு நல்ல அர்த்தம் சொல்பவர்களும் உண்டு.

ஊசிமுனை:
அது பிறகு போட்ட வெள்ளையடிப்பு. பழமொழியை யார் யாரைப் பார்த்து எப்போ சொல்றாங்கன்னு கேட்டாலே தெரிஞ்சிடும். திதரோவுக்கு வந்தா சாதுரியம், நமக்கு வந்தா பின்புத்தியா?

ஓரெழுத்து:
ஊசிமுனையோடு உடன்படுகிறேன். தவிர, பின்புத்தி என்றால் காரியம் கெட்ட பிறகு வரும் தெளிவு. இங்கே காரியம் எதுவும் கெடவில்லை, ஒரு நல்ல வரி வீணாகிவிட்டது, அவ்வளவுதான். 'அப்போ வாயில வரலையே' என்ற புலம்பல்தான் நம்மிடம் இருக்கிறது. அதில் வருகிற 'ஏ' ஒன்றே போதும் என்பேன். இந்த ஆற்றாமைக்கு ஒற்றைச் சொல் யாராவது வைத்தாலும் வரவேற்பேன்.

வெள்ளிமீன்:
நான் இன்னொண்டு கேட்கலாமோ? இங்கிதம், நாசூக்கு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டையும் ஒண்டாத்தான் பாவிக்கினம்.

பழம்பேனா:
வந்த வழியே வேறு. இங்கிதம் வடமொழியிலிருந்து வந்தது. உள்ளே நினைப்பதை வெளியே காட்டிவிடும் முகக்குறிப்பு, சைகை என்பதுதான் அதன் பழைய பொருள். அந்தக் குறிப்பைப் பார்த்தவுடன் புரிந்துகொள்பவன் இங்கிதம் தெரிந்தவன் ஆனான். நாசூக்கு பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. அங்கே அதற்கு மென்மையானது, எளிதில் உடையக்கூடியது என்று பொருள்.

ஓரெழுத்து:
அதனால்தான் 'நாசூக்காகச் சொன்னார்' என்கிறோம், 'இங்கிதமாகச் சொன்னார்' அவ்வளவாக வருவதில்லை. நாசூக்கு சொல்லும் விதத்தில் இருக்கிறது. இங்கிதம் அதற்கு முந்தி, சொல்லலாமா வேண்டாமா என்று எதிரில் இருப்பவர் முகத்தைப் படிப்பதில் இருக்கிறது. இருவர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் உட்காருகிறவனுக்கு இங்கிதம் இல்லை. உட்கார வேண்டிய நேரத்தில் சரியாக வந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொல்ல வேண்டியதைப் போட்டு உடைக்கிறவனுக்கு நாசூக்கு இல்லை.

மழைக்குருவி:
ரெண்டுமே இல்லாத ஒரு பெரிய மாமா என் கதையில் இருக்கிறார். அவரைப் பற்றிப் பாதிப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

கடைசி பெஞ்சு:
பாதிப் பக்கத்தையும் அடிச்சிடுங்க. 'எங்களுக்கு வந்து வாய்த்த பெரிய மாமா'ன்னு ஆரம்பிங்க.